மெர்வ் சும்மா இருந்த நான்கு நிமிடம்

“வாயை மட்டும் அசைச்சாப் போதும்னா, என் பேத்தி வளக்குற தங்கமீனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாமே. நாள் பூரா அதைத்தானே அது செய்யுது.”

“அப்படி எடுத்துக்காதீங்க ரேலீன். இங்க வர்ற எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான். காத்து அடிக்குது, எதிரொலி வேற. உங்களுக்கு இருக்கறது நாலே நிமிஷம். சின்னதா ஏதாவது பிசகினாலும் நாடு முழுக்க நேரலையில போயிடும்.”

“காத்துக்கா பயப்படுறீங்க? என் தொண்டைக்குத்தான் பயம்னு நேரா சொல்லேம்மா.”

இமோஜன் தொலைக்காட்சிக்காரப் பெண், முப்பது வயது இருக்கும். கெட்டவள் இல்லை. காலையில் எங்களுக்குச் சூடாக இறைச்சி அடைத்த பலகாரம் வாங்கித் தந்தவளே அவள்தான். நிகழ்ச்சி நிரலை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, “ரெண்டு மணிக்குச் சக்கர மேடை வெளியே போகும்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

செப்டம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. எங்கள் தலைக்கு மேல் மெல்பர்ன் மைதானத்தின் படிக்கட்டுகளில் ஜனங்கள் ஏறிப் போகும் சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதி ஆட்டம். அதற்கு முன்னால் பாடுவதற்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ‘டிராம் வயர்ஸ்’ என்ற பெயரில் ஃபுட்ஸ்கிரே பேட்டைப் பப்புகளில் பியர் நாற்றத்துக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாங்கள். ரேலீன் பாடுவாள். ஸ்டாவ் கிதார், மெர்வ் டிரம்ஸ், ‘கால்’ என்று பெயர் கொண்ட நான் பேஸ் கிதார். நான்கு பேரின் வயதையும் கூட்டினால் இருநூற்று எழுபத்தொன்று வருகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ரேலீனின் குரல்நாணிலிருந்து ஒரு கட்டியை வெட்டி எடுத்தார்கள். பேசலாம், பாட்டை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அவள் மறக்கவில்லை. சமையலறையில் கெட்டிலோடு சேர்ந்து முனகி முனகி ஒரு குரலைக் கொண்டுவந்தாள். அது பழைய குரல் இல்லை. வேறு யாரோ அவளுக்குள் குடிவந்த மாதிரி, கனமாக, ஆழத்தில் இருந்தது. எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் அதைக் கேட்டதில்லை. இன்று பழைய இசைத்தட்டுக்கு வாயசைத்துவிட்டுப் போனால், அந்தக் குரலோடு அவளை இனி யாரும் மேடைக்குக் கூப்பிடப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஏற்பாடு இதுதான். கிதார்களின் வயர் எதிலும் சேராது. மெர்வின் சிம்பல் தட்டுகளுக்கு ரப்பர் உறை மாட்டியாயிற்று. ஒலிப்பது எண்பத்து நாலில் நாங்கள் பதிவு செய்த ‘ஆலைச் சங்கு’ பாட்டு. வணக்கம் சொல்வதற்காக ரேலீனின் மைக் மட்டும் உயிரோடு இருக்கும். பாட்டின் தொடக்கமே மெர்வ் குச்சிகளை நான்கு தடவை தட்டுவதுதான். அவனுடைய இரண்டு காதிலும் காது மந்தத்துக்கான கருவி இருப்பதால், இமோஜன் பேசுவது கேட்கும் ஒலிக்குமிழை வைக்க இடமில்லை. ஆகவே ஒலிப்பதிவாளர் அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். மெர்வ் குச்சியைத் தூக்கியதும் இசைத்தட்டு ஓடும், ரேலீனின் மைக் அணையும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என் காதில் சொல்வார்கள், நான் அவனிடம் சொல்ல வேண்டும்.

ரேலீன் நாற்காலியைத் திருப்பி மெர்வுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“மெர்வ், நீ குச்சியைத் தூக்கலைன்னா என்னடா ஆகும்?”

“தூக்கலைன்னா பாட்டு வராது.”

“அவங்க பாட்டு வராது. என் பாட்டு வரும்.”

மெர்வ் பலகாரத்தைக் கடிப்பதை நிறுத்தினான். தாடியில் தக்காளி சாஸ்.

“அப்போ நான்?”

“நீ சும்மா இரு.”

“நூறாயிரம் பேர் முன்னாடியா? ஏய், பெர்த்ல இருந்து என் பொண்ணு பிள்ளைகளோட வந்திருக்கா. தாத்தா டிரம்ஸ் வாசிக்கப் போறார்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருக்குதுங்க. நான் அங்க சாக்கு மூட்டை மாதிரி உக்காந்திருக்கவா?”

“ரப்பர் மேல தட்டுறதுக்குப் பேரு வாசிக்கிறதா?” என்றான் ஸ்டாவ்.

“நீ மூடு. உன் கிதார்ல வயரே இல்ல.”

“இவனால முடியாது ரே,” என்றேன் நான். “நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு பாட்டுக்காவது இவன் காத்திருந்து பார்த்திருக்கியா? கல்யாணத்துலயே பாதிரியார் கேக்கறதுக்கு முன்னாடி சம்மதம் சொன்னவன்.”

ரேலீன் சிரிக்கவில்லை. “நாலு நிமிஷம், மெர்வ். எனக்குக் குடு.”

மெர்வ் வாயைத் துடைத்துக்கொண்டான். “பாக்கலாம்” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மேடையைப் புல்லின் மேல் உருட்டிக்கொண்டு போனார்கள். பளீரென்ற வெயில். கடற்பறவைகள் மைதானத்தின் நடுவே தங்களுடைய இடம் போல நின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் சுவர் சுவராக ஜனம். 

“மெல்பர்ன்!” என்றாள் ரேலீன். நான்கு பக்கமிருந்தும் இரைச்சல் திரும்பி வந்தது. “ரொம்ப நாளாச்சு உங்களைப் பார்த்து.”

கேமரா ஒன்று மெர்வின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. குச்சிகள் அவன் தொடை மேல் இருந்தன. தொடை துடித்துக்கொண்டிருந்தது.

ரேலீன் பாட ஆரம்பித்தாள்.

துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லை. முதல் வரியில் அந்தக் குரல் கரகரத்தது. ஜனங்கள் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும், ஒரு முனையில் சிரிப்புக்கூட எழுந்தது. என் காதில் இமோஜன் அலறினாள்: “கால், என்ன நடக்குது? அவரைக் குச்சியைத் தூக்கச் சொல்லுங்க! அவர் சும்மா இருக்கறப்ப இசைத்தட்டை ஓட்டினா குட்டு உடைஞ்சிடும்! தூக்கினாப் போதும், மைக்கை நாங்க அணைச்சிடுறோம்!”

நான் மெர்வ் பக்கம் குனிந்தேன். அவன் என்னையே பார்த்தான். தூக்கு என்று நான் சொன்னால் தூக்கிவிடுவான் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

“வெயில் நல்லா இருக்குல்ல?” என்றேன்.

“ஆமாண்டா, நல்லா இருக்கு,” என்றான் மெர்வ். நெற்றியில் வேர்வை வழிந்தது.

“சொல்லிட்டீங்களா?” என்றாள் இமோஜன்.

“சொல்லிட்டேன்.”

இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. நான்காவது வரியில் இரைச்சலே நின்றுவிட்டது. இறைச்சி ஆலையில் வேலை செய்த அப்பாவைப் பற்றிய பாட்டு அது. இருபத்தைந்து வயதில் பாடியபோது அவள் அப்பாவுக்குச் சவால்விட்ட மாதிரி இருக்கும். இப்போது அந்த அப்பாவே வந்து பாடுகிற மாதிரி இருந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. இசைத்தட்டில் அவள் ஆலைச் சங்கு மாதிரி உச்சத்துக்குப் போய் நீளமாக இழுக்கும் இடம். எல்லாருக்கும் தெரிந்த இடம். எட்டாது என்று டாக்டரும் தொலைக்காட்சியும் சொன்ன இடம். ரேலீன் கண்ணை மூடினாள். மேலே போகவில்லை. கீழே இறங்கினாள். துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்று கிளம்பும்போது வருமே, நெஞ்செலும்பில் கேட்கும் சத்தம், அப்படி ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினாள். கடற்பறவைகள் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

மூச்சு தீர்ந்து அவள் நிறுத்தினாள். அதற்குப் பிறகு வருவது மெர்வின் டிரம்ஸ் உருட்டு. இந்த நாட்டில் கார் ஓட்டுகிற அத்தனை பேரும் ஸ்டியரிங்கில் தட்டிப் பார்த்திருக்கும் உருட்டு.

மெர்வின் கைகள் எழுந்தன. ஒரு அங்குலம் இருக்கும்.  அவன் இரண்டு குச்சிகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

உருட்டு வந்தது. வடக்குப் பக்கத்து நாற்காலிகளிலிருந்து வந்தது, வேலித் தகடுகளிலிருந்து வந்தது, கால்களிலிருந்து வந்தது. நூறாயிரம் பேர், ஒரு தட்டுக் கூடத் தவறாமல், மெர்வின் உருட்டை மெர்வுக்கே வாசித்துக் காட்டினார்கள். மேடை அதிர்ந்தது. ஸ்டாவ் வாய்விட்டு அழுதுகொண்டே, ஊமைக் கிதாரை வாசித்துக்கொண்டிருந்தான்.

என் காதில் இமோஜன் யாரிடமோ சொல்வது கேட்டது. “மைக்கைத் தொடாதீங்க. யாரும் எதையும் தொடாதீங்க.”

மீதிப் பாட்டை ரேலீன் நிமிர்ந்து நின்று பாடினாள். முடித்தபோது எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. அவள் குனிந்துகூட வணங்கவில்லை. இடுப்பில் கை வைத்து, அவ்வளவையும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில், மைதானத்துக்குள் ஓடக் காத்திருந்த ஆட்டக்காரப் பையன்கள் சுவரில் அந்த உருட்டைத் தட்டி எங்களுக்கு வழிவிட்டார்கள். கண் சிவந்திருந்த இமோஜன் ரேலீனை இறுகக் கட்டிக்கொண்டாள், திட்ட மறந்துவிட்டாள்.

அறையில் நாங்கள் நான்கு பேர் மட்டும். ரேலீன் காலணிகளைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். மெர்வ் காலிப் பெட்டி ஒன்றை டிரம் மாதிரி தன் முன்னால் கவிழ்த்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். குச்சிகள் கையில் இருந்தன.

“ரே,” என்றான். “இன்னொரு தடவை பாடேன். முழுசா வேணாம். என் உருட்டு வர்ற இடத்துக்கு முன்னாடி இருந்து மட்டும்.”