பியூலா பேருந்து நிலையத்தில் இருந்தாள்

எங்கள் ஊரில், கவனிக்கப்படாத பொருள்கள் வீட்டை விட்டுப் போய்விடும். பெரும்பாலும் சின்னச் சாமான்கள்தான். ஒரு குடை, ஒரு தோசைக்கரண்டி. பேருந்து நிலையத்தில் போய்த் தேடினால் கிடைத்துவிடும்.

என் மனைவி பியூலாவின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய வாரம், எங்கள் வீடு வேகமாகக் காலியானது. வெள்ளிக்கிழமை முடிவு தெரியும் என்றார்கள். நான் திங்கட்கிழமையே வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டேன். பல் தேய்க்கும்போதும் அங்கேதான் இருந்தேன். செவ்வாய் காலை மிக்ஸி போனது. மதியம் பீரோ.

"வாசப்படி இறங்க ரொம்ப சிரமப்பட்டுச்சு தம்பி. நான்தான் ஒரு பக்கம் பிடிச்சுக் கொடுத்தேன்" என்றார் எதிர்வீட்டு சந்தனமாரி அக்கா. நன்றி சொன்னேன். சொல்லும்போதே மனதுக்குள் டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை சமையலறைச் சுவர் ஒன்றும் கிளம்பியது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது பியூலா இல்லை.

"அவளும் போயிட்டா" என்றார் அக்கா. "கைப்பை மட்டும்தான் எடுத்துக்கிட்டா."

மனிதர்கள் போவது அபூர்வம். ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். மூன்று நாளாக அவளைப் பற்றித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று வாதாட முடியாது. நினைத்தது செல்லாது. பார்த்திருக்க வேண்டும்.

பேருந்து நிலையத்தில் எங்கள் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வண்டி?" என்று கேட்டேன்.

"நாகர்கோவில். பத்து நிமிஷம் இருக்கு."

"வீட்டுக்கு வா பியூலா."

"கூப்பிடுறீங்க. ஆனா பாக்கலையே."

"வெள்ளிக்கிழமை மட்டும் நல்லபடியா..."

"அது வெள்ளிக்கிழமை. இன்னிக்குப் புதன்" என்று ஒரு சுளையை என் கையில் வைத்தாள்.

சுளையைப் பார்த்தேன். மனம் டாக்டரின் அறைக்கு ஓடியது. திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடி ஓடியது. மறுபடி திருப்பினேன். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, மெல்லிய தோலுக்குள் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு முத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். ஒவ்வொன்றும் தன் பங்குச் சாற்றைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் இதைத்தான் மென்று தின்றிருக்கிறேன்.

பிறகு அவளைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் மஞ்சள் கறை. கழுத்துக் குழியில் ஏதோ மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. அவள் மூச்சு உள்ளே போனது, சற்று நின்றது, வெளியே வந்தது. ஒரே ஒரு மூச்சை முழுதாகப் பார்த்தேன். கடலைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

நாகர்கோவில் வண்டி வந்தது. நடத்துநர் மூன்று முறை கூவினார். அவள் எழவில்லை. வண்டி போய்விட்டது.

"ஏன் அழறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ மூச்சு விடுற."

"ஆமா" என்றாள்.

நாங்கள் நடந்தோம். பீரோவும் மிக்ஸியும் பின்னால் வந்தன. சுவருக்கு வழிவிட ஆட்டோக்கள் ஒதுங்கி நின்றன.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. கெட்ட கட்டிதான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், அறுவைச் சிகிச்சை செய்து மருந்தும் கொடுத்தால் குணமாகும் என்றார் டாக்டர். பயமாக இருந்தது. பயத்தோடேயே அவள் செருப்பு வாரை மாட்டுவதை முழுதாகப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை டீயை ஒவ்வொரு மடக்காகக் கவனித்துக் குடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் இருட்டியது. வாசலில் ஒரு மலை நின்றிருந்தது. வெகுதூரம் நடந்திருக்க வேண்டும். அடிவாரமெல்லாம் தார் ஒட்டியிருந்தது. உச்சியில் ஒரு துண்டு மேகம் இருந்தது. எந்த ஊரிலோ அதை யாரும் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் இருக்கும் வீட்டைத் தேடி வந்திருக்கிறது.

பியூலா எட்டிப் பார்த்தாள்.

"வெளியவே நிக்க வச்சிருக்கீங்களே. உள்ள வரச் சொல்லுங்க" என்று கூடத்து நாற்காலிகளை ஒதுக்க ஆரம்பித்தாள்.

நான் கதவின் இன்னொரு பக்கத்தையும் திறந்துவிட்டேன்.