ஓயுமா, ஓய்வெடுக்குமா

1

அக்கா திட்டியதில் பிறந்த கதை இது. "ஒரு சொல்லை ஒழுங்காப் போடத் தெரியல, நீயெல்லாம் எழுத்தாளன்!" என்றாள். மருந்து ஆய்வகத்தில் புதுச் சேர்மங்கள் செய்கிறவள். அவள் கணவர், என் மாமா, இரண்டு தடவை மயங்கி விழுந்தவர். புது மருந்தொன்றைச் சோதனையாகக் கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அக்கா விளக்கப்போனால் சண்டை வருகிறதாம். அதனால் அதை எழுதி விளக்கும் வேலையை என் தலையில் கட்டினாள்.

2

முதல் வரி: "இதயம் ஒரு வீடு, அதன் கதவுகள்—" (சீ, வேண்டாம்.)

மறுபடி: "ஒவ்வொரு துடிப்பிலும் இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் ஒரு சின்ன வாசல் வழியே வெளியேற வேண்டும். அப்போதுதான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். மாமாவுக்கு அந்த வாசல் சரியாகத் திறப்பதில்லை. இந்த மருந்து திறந்துவைக்கும். இதயம் சீக்கிரம் ஓயும்."

இதைத்தான் மாமாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓயுமா?"

"ஓய்வெடுக்கும் மாமா. ரெண்டு துடிப்புக்கு நடுவுல."

"ஓயும்னுதானே படிச்ச?"

(அடிக்குறிப்பு மாதிரி: மழை ஓய்ந்தது, சண்டை ஓய்ந்தது, ஆள் ஓய்ந்துபோனார். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்த ஆள் கையில் கிடைத்தால் மல்லுக்கு நிற்பேன்.)

3

அக்காவுக்குப் போன் போட்டேன். திட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"வாசல் ரொம்பத் திறந்துட்டா?"

"அப்பவும் துடிப்பு தாறுமாறாகும். எவ்வளவு திறக்கணும்னு பாக்கத்தான் சோதனையே."

"அப்போ நான் போட்ட சொல் தப்பா, சரியா?"

"தெரியலடா. எங்க ஆய்வகத்துல செஞ்சதுதான் அந்த மருந்து. எனக்கே பயமா இருக்கு."

அக்கா பயந்து நான் பார்த்ததில்லை.

5

(நான்கைக் கிழித்துவிட்டேன். அதில் மாமா பிழைத்து, எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு முடிவும் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை.)

மாமா எதிரே உட்கார்ந்திருக்கிறார். டாக்டருக்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும்.

"கதை எழுதுறவனுக்கு முடிவு தெரியாமலா இருக்கும்? சொல்லு, எடுத்துக்கவா, வேண்டாமா?"

"சத்தியமாத் தெரியாது மாமா."

"சரி, எழுது. கதை முடியற வரைக்கும் நான் இருப்பேன்ல?"

கிண்டலாகத்தான் கேட்டார். கை மட்டும் நெஞ்சின் மேல் இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படிக்கிற உங்களுக்குப் புரிந்தால் அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் நிறுத்தப்போவதில்லை, எழுதிக்கொண்டேதான் இருப்பேன், மாமா டம்ளரை மறுபடி எடுக்கிறார், ஆறிப்போச்சு என்கிறார், வேறு போட்டுத் தரட்டுமா என்கிறேன், ம் என்கிறார், நான் எழுந்து