குழாய்க்காரர் பார்க்காத சரித்திரம்

"சுதந்திரக் கொடி ஏறிய காட்சியைத் தன் ஏழு வயதுப் பிஞ்சுக் கண்களால் கண்ட மாமனிதர்..." என்று மாப்பிள்ளை வாசிக்கத் தொடங்கியதுமே, அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"எங்க கண்டாரு? அன்னிக்குக் கன்னம் ரெண்டும் வீங்கிப் படுத்திருந்தாராம். எங்க மாமியார் சொல்லுவாங்க."

வாசல் நாற்காலிகளில் இருந்தவர்கள் தொண்டையைச் செருமினார்கள். மகளுக்கு முகம் சுண்டிப்போனது. சரித்திர வாத்தியாரான புருஷனைக் கெஞ்சி இந்த இரங்கலுரையை எழுத வைத்ததே அவள்தான். பள்ளிக்கூடக் காலம் முழுக்க அவளைக் 'குழாய்க்காரர் மக' என்றே கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். போகிற நாளிலாவது அப்பா பெரிய மனிதராகப் போகட்டுமே.

மாப்பிள்ளை ஒரு பத்தியைத் தாண்டிக் குதித்தார்.

"மனிதன் நிலவில் கால் வைத்த செய்தி கேட்டு மெய்சிலிர்த்தவர்..."

"அன்னிக்கு எங்க வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள இருந்தாரு," என்றார் எதிர்வீட்டுக் கிழ டாக்டரம்மா. "நாங்க ரேடியோவைச் சுத்தி நின்னு, எறங்கிட்டான்னு கத்துறோம். இவரு தலையை நீட்டி, அங்க தண்ணி இருக்குதான்னு கேட்டாரு. இல்லைன்னோம். அப்ப எனக்கு அங்க வேலையில்லைன்னு மறுபடி உள்ள போயிட்டாரு."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கொள்ளைநோயில் உலகமே கதவடைத்தபோது வீட்டில் அடங்கியிருந்து வழிகாட்டியவர்..." மாப்பிள்ளையின் குரல் தானாகவே இறங்கியது.

"அடங்கியிருந்தாரா!" என்றாள் அம்மா. "ஊரே கையைக் கழுவுறேன்னு குழாயத் திருகித் திருகித் தேய்ச்சு வச்சிருந்துச்சு. அதையெல்லாம் சரிபண்ண எண்பது வயசுல தெருத்தெருவாப் போனாரு. முகமூடி தாடையிலதான் கெடக்கும்."

இப்போது எல்லோரும் வெளிப்படையாகவே சிரித்தார்கள். மகளுக்கு அந்தப் பெயரை முதன்முதலில் வைத்த பழைய வகுப்புக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு அந்த நோய் வந்தப்ப யாரும் எங்க வாசப்பக்கம் எட்டிப் பாக்கல," என்றாள். "இவருதான் வந்து குழாயைச் சரிபண்ணிட்டு, 'தண்ணி வருதும்மா'ன்னு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் குடுத்தாரு."

சிரிப்பு அடங்கிவிட்டது. மாப்பிள்ளை தாளை நாலாக மடித்தார்.

"வேற என்ன சொல்லட்டும் அத்தை?"

பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மா அப்பாவின் வலது கையை எடுத்து, கட்டைவிரல் நகத்தடியில் காய்ந்திருந்த, குழாய் ஒட்டும் வெள்ளைப் பசையை முந்தானை நுனியால் தேய்த்தாள். அது போகவில்லை.

மகள் எழுந்து உள்ளே போய் ஒரு ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தாள். ஆட்கள் மூடியைப் பிடித்தபடி காத்து நின்றார்கள்.