சூளைக்குப் போகாத சுவர்

1.

இந்தக் கதை நான் யோசித்து வந்ததில்லை. பாலக்கரைப் பக்கம் ஒரு பெயிண்டுக் கடையில் காதில் விழுந்தது. எங்கள் வீட்டுக் கேட்டுக்கு ஒரு சின்ன டப்பா கறுப்பு வாங்கப் போயிருந்தேன். எனக்குக் கதை முகமாக வராது, பேச்சாகத்தான் வரும். அன்று வந்தது இவ்வளவுதான்:

“நீலம்னுதானே சொன்னீங்க?”

“நீலந்தான் இது.”

“அண்ணே, ஷேட் கார்டுல நல்லாப் பாருங்க. வாடுன கத்தரிப்பூ மாதிரி இருக்குது.” இது கடைப் பையன்.

“சூளைக்குப் போயிட்டு வரட்டும், அப்புறம் பாரு.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பீங்கான் செய்கிற ஊரில் அது நல்ல தமாஷ். முதலில் கேட்ட பெண்மணி, சூளை என்று சொன்னவரின் மனைவி, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அந்தத் தாமதம் வரைதான் நிஜம். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2.

அவளுக்குப் பானுமதி என்றும் அவருக்கு மாணிக்கவேல் என்றும் பெயர் வைத்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: “அடைமழை விட்ட மறுநாள், பாசி பிடித்த சுவரைப் பார்த்தபடி பானுமதி…”

(வேண்டாம். மழையில் தொடங்கும் கதையை நானே பாதியில் மூடி வைத்துவிடுவேன்.)

இரண்டாவது: மாணிக்கவேல், ரிடையர் ஆகும் வரை ஒரு செராமிக் கம்பெனியில் கலர் கலக்கியவர்.

(இதற்கு ஒரு குறிப்பு தேவை. பீங்கானில் பூசுகிற நீலம், சூளைக்குள் போகும் முன் நீலமாக இருக்காது. சாம்பலும் ஊதாவும் சேர்ந்த ஓர் அழுக்கு நிறம். வெந்து வெளியே வந்தால்தான் நீலம். அந்த வேலையில் இருந்தவர்கள் கண்முன் இருக்கிற நிறத்தை நம்ப மாட்டார்கள், வரப்போகிற நிறத்தைத்தான் பார்ப்பார்கள்.)

கடையில் அவர் சொன்னது தமாஷ் இல்லை. அது பானுமதிக்கு மட்டும் தெரிந்தது. நாலு பேர் முன்னால் புருஷனைத் திருத்த வாய் வரவில்லை. அந்த டப்பாக்களே ஆட்டோவில் ஏறின.

3.

பெயிண்டர் பக்கிரி ஏணியில் நின்றபடி:

“அக்கா, வெளிய மொத கோட்டு முடிஞ்சுது. போறவன் வர்றவன்லாம் சாவு வூடான்னு கேக்குறான்.”

“நீ பூசு.”

“மீதியை உள்ள ஹாலுக்கு அடிச்சிடட்டா?”

“உள்ள என்னன்னு அப்புறம் சொல்றேன்.”

“அப்புறம்னா எப்ப?”

“அப்புறம்னா அப்புறம்தான், பக்கிரி.”

மாணிக்கவேல் நாற்காலியை விட்டு எழுந்து வந்து சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“பானு, எப்ப சூளையில ஏத்துறாங்க?”

இதற்குப் பானுமதி சொன்ன பதிலை எழுதி எழுதி அடித்தேன். “என்னங்க ஒளர்றீங்க.” அடித்தேன். “செவுத்த எப்படிங்க…” அதையும் அடித்தேன். கடைசியில் அவளே சொன்னாள்:

“காயட்டுங்க. ஈரத்தோட ஏத்துனா வெடிச்சிடாதா?”

“ஆமா, வெடிச்சிடும்.” நிம்மதியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நாளும் கேட்டார். “சூளைக்குள்ளதாங்க இருக்குது, வேவுது” என்றாள். அதற்கடுத்த நாள், “சூடு ஆறலீங்க.”

4.

ஏன் இவ்வளவு பயப்படுகிறாள் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். புரட்டாசியில் அவர் தன் ஊர் என்று நினைத்துக் கருவேப்பிலங்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு வழி தெரியாமல் பொழுது சாயும் வரை நின்றார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் இனியா அன்றே சொல்லிவிட்டாள்: “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வூட்ட வித்துடலாம்மா. நீ எங்கூட வந்துடு. அப்பாவ நல்லாப் பாத்துக்குற எடத்துல சேத்துடலாம்.” நல்ல பெண்தான். அதுதான் கஷ்டம்.

போன வாரம் போனில்:

“அப்பா எப்படிம்மா இருக்காரு?”

“அவருக்கென்ன. வூட்டுக்குக் கலரே அவருதான் எடுத்தாரு.”

“பரவாயில்லியே. என்ன கலரு?”

“நீலம்.”

“போட்டோ அனுப்பு.”

“போட்டோல சரியாத் தெரியாதுடி. பொங்கலுக்கு வந்து நேர்ல பாரு.”

5.

(இந்த இடத்தில் எனக்குப் பானுமதி மேலேயே சந்தேகம் வந்தது. அவரைக் காப்பாற்றுகிறாளா, அவர் இல்லாத தன் வீட்டை நினைத்துப் பயப்படுகிறாளா? இரண்டையும் பிரித்து எழுத முயன்றேன். பிரியவில்லை.)

ஒரு முடிவு வைத்திருந்தேன். அவரை ஸ்ரீமுஷ்ணத்தில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பக்கிரியை வைத்து நிஜ நீலம் பூசிவிடுகிறாள். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று, “நல்லா வெந்திருக்குது பானு” என்கிறார். எனக்குப் பிடித்திருந்தது. பானுமதிக்குப் பிடிக்கவில்லை.

“நீங்க எழுதிட்டு எழுந்து போயிடுவீங்க. நாளைக்கு ஹாலுக்கும் அவரே கலரு எடுப்பாரு. அடுத்து கொழம்புல எதையாவது கொட்டிட்டு, வெந்தா சரியாயிடும்பாரு. எல்லாத்துக்கும் நானே சூளை போட்டுக்கிட்டு இருக்க முடியுமா?”

சரி, உண்மையைச் சொல்லட்டும் என்று இன்னொன்று எழுதினேன். “ஏங்க, இது செவுருங்க. சூளைக்கெல்லாம் போவாது.” அவர் சுவரைப் பார்த்தார். பிறகு தன் கையை. பிறகு

(இதற்கு மேல் எழுதவில்லை. அவர் குரல் அப்போது எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.)

6.

ஆகவே போகிக்கு முந்தின நாள். ஆட்டோ வந்து நிற்கிறது. வெளியே சுவர் கத்தரிப்பூ வாடின நிறத்தில். உள்ளே ஹால் வெறும் பிரைமரோடு வெள்ளையாக. மீதி டப்பா கதவோரம் இருக்கிறது. இனியா பையைக் கீழே வைக்காமல் நிமிர்ந்து பார்க்கிறாள்.

“நீலம்னுதானேம்மா சொன்ன?”

உள்ளேயிருந்து அவர் கேட்கிறார்: “யாரு பானு, இனியாவா? சூளை தொறந்தாச்சா?”

இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். யாராவது ஒருவருக்குத்தான் அவள் பதில் சொல்ல முடியும். எதைச் சொன்னாலும் மற்றவர் காதிலும் விழும்.

எனக்கு ஆட்டோ திரும்பிப் போகிற சத்தம்தான் கேட்கிறது. நீங்கள் கொஞ்சம் கிட்டே நிற்கிறீர்கள், அவள் பதில் உங்களுக்குக் கேட்கும்.

பானுமதி: