நாற்பத்தொன்றாம் பாட்டு

ஸுப்ரஜாவுக்கு அந்த வருடம் முந்நூறு பாட்டுகளாவது தெரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் எட்டு வினாடி மட்டும்.

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் அவளுக்கு வேலை. சென்னை எஃப்.எம். நிலையம் ஒன்றுக்காக நேயர்களுக்குப் போன் போட்டு, பாட்டுத் துண்டுகளைக் கேட்கவைத்து, தெரியுமா, பிடிக்குமா, அலுத்துவிட்டதா என்று விசாரித்துத் தாளில் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தாள்கள் சென்னைக்குப் போகும். பலருக்குப் பிடித்த பாட்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலிக்கும். சுமாரானது நாளுக்கு ஒருமுறை. யாருக்கும் தெரியாத பாட்டு கொஞ்ச நாளில் காணாமல் போகும்.

பகலெல்லாம் துண்டுகளாகவே கேட்டுக் கேட்டு, தெருவில் நடக்கும்போதும் அவள் பாதி மிதந்துகொண்டுதான் இருப்பாள். ஒரு பல்லவி தொடங்கி, வேறெதிலோ இருந்த புல்லாங்குழலில் போய்க் கரையும். வீட்டில் அம்மா கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் காதில் விழும்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் பட்டியலில் கும்மிடிப்பூண்டி எண் ஒன்று வந்தது. பெயர் சாலிஹா. வயது முப்பத்தாறு. வீட்டிலேயே துணி தைப்பவர். கணவர் சஹாபுதீன் இரும்பு உருட்டும் மில்லில் வேலை பார்க்கிறார். நாற்பதாவது துண்டுவரை சாலிஹா அசிரத்தையாகத்தான் பதில் சொன்னார். நாற்பத்தொன்றைப் போட்டதும் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"இந்தப் பாட்டு தெரியுமா மேடம்?"

"தெரியுமாவா! என்னிக்கோ ஒருநாள்தாம்மா வரும். எப்ப வரும்னே தெரியாது. வந்துச்சுன்னா அன்னிக்கு எனக்கு வேலையே ஓடாது. நீ போட்டது பாதிதான். அதுக்கப்புறம் இன்னா ஆவுது தெரியுமா?"

"தெரியாது மேடம். எங்ககிட்ட இவ்வளவுதான் இருக்கு."

"எல்லா வாத்தியமும் நின்னுபூடும். அந்தப் பொண்ணு மட்டும் தனியா பாடிக்கினு இருக்கும். நான் பொறந்த பழவேற்காட்டுல ஏரி நடுவுல படகு என்ஜினை அணைச்சா, தண்ணி மேல ஒரு அமைதி வரும். அது மாதிரி."

அன்று மாலைவரை ஸுப்ரஜாவின் காதுக்குள், அவள் கேட்டேயிராத அந்த மீதிப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் அதைத் தெரியாது என்றார்கள். இனி அது காற்றில் வராது. வியாழன் மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகு, பத்தொன்பது தாள்களில் 'தெரியாது' என்பதை அடித்துவிட்டு 'மிகவும் பிடிக்கும்' என்று மாற்றினாள். தூக்கத்தில் எழுதுவதுபோல் கை தானாக நகர்ந்தது.

அடுத்த திங்கள், ஷேர் ஆட்டோவில் அந்தப் பாட்டு வந்தது. முதல்முறையாக முழுதாய். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு குரல் மட்டும் மிஞ்சியது. சுற்றிலும் ஹாரன் சத்தம், ஆனால் அவளுக்கு எங்கோ தண்ணீர் விரிந்துகொண்டே போனது. இறங்க வேண்டிய இடம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

"எறங்கலியாம்மா? இதுக்கு மேல வண்டி போவாது" என்றார் ஓட்டுநர்.

புதன்கிழமைக்குள் பாட்டு டீக்கடைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் செல்போன் கடை, ரயில் நடைமேடை, பக்கத்து வீட்டு மாடி. மூன்றாம் வாரம் பட்டியலில் மறுபடி சாலிஹாவின் எண் வந்தது. ஸுப்ரஜா நாற்பத்தொன்றைப் போட்டாள்.

"தெரியாம இன்னா? குக்கர் வெச்சா வருது, துணி காயப்போட்டா வருது. என் ஊட்டுக்காரர் மில்லுலேர்ந்து வரும்போதே முணுமுணுத்துக்கினு வர்றாரு."

"பிடிக்குமா மேடம்?"

கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அலுத்துப்போச்சும்மா. அப்டியே எழுதிக்கோ." பிறகு தணிந்த குரலில், "பாட்டு மேல தப்பு இல்ல. காத்துக்கினு இருக்க எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அது இல்ல. அதான் பேஜாரா கீது."

"அக்கா..." மேடம் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. "அது நான் பண்ணினது. உங்களுக்காகத்தான் தாளை மாத்தினேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம்.

"எனக்காவா? யாரும் எனக்கோசரம் இப்டி ஒண்ணு செஞ்சதில்லம்மா. ஆனா கெடுத்துட்டியே!"

போனை வைத்ததும் ஸுப்ரஜா நேரே மேற்பார்வையாளர் அருணாச்சலத்திடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பத்தொம்பது பேர் வாயில நீயே பேசிட்டா, நாம எதுக்கும்மா அவுங்களுக்குப் போன் போடணும்?"

"இப்பவாவது அந்தப் பாட்டை எடுக்கச் சொல்லுங்க சார்."

"எப்டி எடுப்பாங்க? இந்த வாரம் நெசமாவே இருபத்தாறு பேருக்குப் பிடிச்சிருக்கு. கேட்டுக் கேட்டுப் பிடிச்சுப்போச்சு. இனி அது அவுங்க பாட்டு." அவர் சத்தம்கூடப் போடவில்லை. "நாளையிலேர்ந்து நீ வரவேணாம்."

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, விசாரித்து விசாரித்துச் சாலிஹாவின் வீட்டைக் கண்டுபிடித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். குரலைக் கேட்டதுமே சாலிஹாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"குரலுக்கு ஆளு ரொம்பச் சின்னதா கீறியே! நாஷ்டா ஆச்சா?"

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. மன்னிப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை. சாலிஹா டேப்பை எடுத்து அவள் தோளை அளந்து, "ஒரு சுடிதார் தெச்சுத் தரேன், அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோ" என்று மெஷின்முன் உட்கார்ந்தார். வெட்டிய துணிகளுக்குப் பக்கத்தில் பாயில் சாய்ந்த ஸுப்ரஜா, மெஷின் சக்கரத்தின் சத்தம் ஏறி இறங்குவதைக் கேட்டபடியே கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது வாசலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. யாரோ அவள்மேல் ஒரு புதுத் துணியைப் போர்த்தியிருந்தார்கள்.

"மணி என்னக்கா?"

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது. படு" என்றார் சாலிஹா, திரும்பிப் பார்க்காமல்.