பதினாலாவது வரிசையில் மணலூர்பேட்டை

ஜனவரி வந்தா ஊருக்கெல்லாம் பொங்கல், எனக்குப் புது சீசன். ஜப்பான்காரன் வருஷத்துக்கு நாலு தடவை கட்டுக்கட்டா புது அனிமே கார்ட்டூன் எறக்குவான். அந்தந்த மாசம் மொத வாரத்துல எல்லாத்துக்கும் மொத எபிசோடைப் பாத்துட்டு, எதைப் பாக்கலாம், எதைத் தூக்கிப் போடலாம்னு வாட்ஸ்அப் குரூப்புல தீர்ப்பு சொல்றது என் வேலை. யாரு குடுத்த வேலைன்னு கேக்காதீங்க. நானே எடுத்துக்கினது.

பேரு அம்சவள்ளி. சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். கல்யாணமாயி பொறந்த வூட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் குடித்தனம். எனக்கு இந்தப் பைத்தியம் புடிக்க வெச்சவன் என் தம்பி தனசேகரன். வண்டி மெக்கானிக். சின்ன வயசுல டிவியில தமிழ்ல பேசற ஜப்பான் கார்ட்டூனுக்கு நாங்க ரெண்டு பேரும் ரிமோட்டுக்கு அடிச்சுக்குவோம். இப்ப வளந்துட்டோம், ஃபோன்ல அடிச்சுக்கறோம். குரூப்பு ஆரம்பிச்சவனும் அவன்தான். நூத்தி எண்பது பேரு இருந்தாங்க. தியாகதுருகம், சங்கராபுரம், கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பசங்க கூட ரெண்டு பேரு. அவங்களுக்கு டவர் கெடைக்கற பாறை மேல ஏறினாத்தான் என் தீர்ப்பு போய்ச் சேரும்.

என் சட்டம் ஒண்ணே ஒண்ணு. ஒரு எபிசோடு, அவ்ளோதான். மொத பந்தியில சோறு போடத் தெரியாதவன் ரெண்டாவது பந்தியில விருந்தா வெக்கப் போறான்? புடிக்கலன்னா ட்ராப். திரும்பிப் பாக்க மாட்டேன்.

இந்தச் சட்டத்தை எதுத்து மூணு வருஷமா என்கூட மல்லுக்கட்டினது கிளிமூக்கு. அது குரூப்புல அவ வெச்சுக்கின பேரு. மூஞ்சி படத்துக்குப் பதிலா ஒரு மாங்கா. மூஞ்சி தெரியாது, ஊரு தெரியாது. குரல் மட்டும் நல்லாத் தெரியும். ஒரு வாய்ஸ் நோட்டு அனுப்பினா நாலு நிமிஷம் மூச்சு வுடாம பேசுவா. "ஜட்ஜ் அக்கா, மூணு எபிசோடு குடுங்கக்கா, மூணு. மனுஷன் தூங்கி எழுந்து மூஞ்சி கழுவறதுக்குள்ள ட்ராப்புன்னா எப்டிக்கா?" "போடி, ஒனக்கு வேலவெட்டி இல்ல"ன்னு நான் திருப்பி அனுப்புவேன். எனக்குக் கொரோனா வந்து கண்ணைத் தெறக்க முடியாம படுத்திருந்தப்ப, பதினோரு நாளும் ஒவ்வொரு எபிசோடையும் கதையாவே சொல்லி அனுப்பினா அந்தப் பொண்ணு. சண்டை போடற எடத்துக்குச் சரியா சண்டைச் சத்தமும் போடுவா. எனக்கு அவளை ரொம்பப் புடிக்கும். அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.

நான் சொல்ற ஜனவரி ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு. இட ஒதுக்கீடு கேட்டு எங்க பக்கமெல்லாம் போராட்டம். வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு ஒரு நாள், யூனியன் ஆபீஸுக்கு ஒரு நாள்னு மனு குடுத்துக்கினே இருந்தாங்க. அந்த மனுவெல்லாம் என் கடையிலதான் காப்பி. மெஷின் சூடேறி பேப்பர் சிக்கிக்கும். கருப்படிச்ச பேப்பரை நான் வீசறதில்ல. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு, அதுலதான் சீசன் லிஸ்ட் எழுதுவேன். முன்னாடி 'மாண்புமிகு'ன்னு ஆரம்பிக்கும், பின்னாடி ரோபோவுக்கு மார்க்கு.

அந்த சீசன் பதிமூணு பாத்தேன். மொத ஷோவுல செத்துப்போன ஒருத்தன் தபால் பெட்டியா மறுபிறவி எடுக்கறான். சிரிச்சுட்டேன், ஏழு மார்க்கு. ரெண்டாவது, பள்ளிக்கூடப் பொண்ணுங்க கோயில் மணி அடிக்கற சங்கம் வெக்கறாளுங்க. ஒண்ணுமே நடக்கல, ஆனா படத்துல மழை பேஞ்சா எழுந்துபோயி என் துணிய எடுக்கணும்னு தோணுச்சு. அந்த மாதிரி மழை. எட்டு. அஞ்சாவது ரோபோ. எறநூறு அடி ரோபோவை ஓட்டறவன் இருவது நிமிஷம் அழறான், வண்டிய எடுக்கவே இல்ல. ட்ராப். ஒம்போதாவது ஊறுகா போடற பேய். எண்ணெய் மெதக்கறதை வரைஞ்சிருந்தான் பாருங்க, எச்சி ஊறிடுச்சு, ஒம்போது. பதிமூணாவதுல கலங்கரை விளக்கத்துல ஒரு பையன் தனியா குந்திக்கினு மொத எபிசோடு முழுக்க ஒரு வார்த்தை பேசல. யாருக்கு இங்க பொறுமை? ட்ராப்.

அதுக்கு நடுவுலதான் தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போனோம், மணலூர்பேட்டைக்கு. ஏற்கனவே ஆறு எடம் தட்டிப்போயி அப்பா சலிச்சுக் கெடந்தாரு. இது ஒரு சொந்தக்காரரு சொன்ன எடம். பொண்ணு பேரு மணிமொழி, அப்பா பேரு பாவாடை. கரும்பு, நெல்லுன்னு நாலு ஏக்கரா வெள்ளாமை.

எங்க வூட்டு வழக்கம், பொண்ணு பாக்கப் போனா மாப்ளையோட அக்காதான் உள்ள போயி பொண்ணுகூட ஒக்காந்து பேசணும். புடிச்சிருந்தா அங்கேயே கொண்டுபோன பூவைத் தலையில வெச்சுடணும். வெச்சுட்டா முடிஞ்சுது, அப்புறம் கை நனைச்சுட்டு வரலாம். வெக்கலன்னா காப்பியோட எழுந்து, 'வூட்டுக்குப் போயி சொல்லியனுப்பறோம்'னு கெளம்பணும். அதுக்கு இன்னா அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். அப்பாவும் அம்மாவும் எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டாங்க, 'அம்சாவுக்குப் பாத்ததும் தெரிஞ்சுடும்'னு.

உள்ள போயி ஒக்காந்தேன். பொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. "இன்னா படிச்சிருக்க?"ன்னேன். அவங்கம்மா பதில் சொன்னாங்க. "சமைப்பியா?" தலைய ஆட்டுச்சு. "ஃபோன்ல இன்னா பாப்ப?" அதுக்கும் கீழ குனிஞ்சுக்கிச்சு. காது மடல் மட்டும் செவந்துச்சு. அரை மணி நேரம். நான் பேசிக்கினே இருக்கேன், அது முந்தானைய வாய்ல வெச்சுக்கினு என்னையே பாத்துக்கினு இருக்கு, ஒரு வார்த்தை வரல. எனக்குக் கோவம் வந்துடுச்சு. வாய் பேசாத பொண்ணு எங்க வூட்டுக்கு வந்து இன்னா பண்ணும்? சுவத்துக்குச் சுண்ணாம்பு மாதிரி இருக்குமா? பூவைப் பையிலயே வெச்சுக்கினு கெளம்பிட்டேன். வெளிய தனசேகரன் என் கையப் பாத்தான், அப்புறம் பையப் பாத்தான். 

ராத்திரி அப்பாகிட்ட, "வேணாம்ப்பா"ன்னேன். "சரி, வெள்ளிக்கெழம கலெக்டர் ஆபீஸ் போராட்டத்துக்குப் பொண்ணோட அப்பாவும் வருவாரு. நேர்லயே பக்குவமா சொல்லிடறேன்"னாரு அப்பா.

வெள்ளிக்கெழம காலையில கடையில லிஸ்ட்டை முடிச்சேன். பதிமூணு ஷோவுக்கும் கீழ எடம் மீந்துச்சு. என் கை சும்மா இருக்குமா? தம்பிய வம்பிழுக்கலாம்னு எழுதினேன். 'பதினாலு: மணலூர்பேட்டை. படம் அழகு. வாயே தெறக்கல. மூணு மார்க்கு. ட்ராப்.' குரூப்புல யாருக்குப் புரியப் போவுது, தம்பிக்குத்தான் புரியும்னு ஃபோட்டோ எடுத்துப் போட்டுட்டேன்.

வெள்ளிமலைப் பையன் ஒருத்தன் ஒடனே கேட்டான், "அக்கா, மணலூர்பேட்டைன்னு ஜப்பான்ல ஷோ வந்திருக்கா? எந்த ஆப்புல இருக்கு?" நான் கடையில தனியா நின்னு சிரிச்சுக்கினு இருந்தேன். அப்ப கீழ ஒரு வரி வந்துச்சு. கிளிமூக்கு குரூப்பை வுட்டு வெளியேறினாள்னு.

எனக்குப் புரியல. கலங்கரை விளக்கத்தை ட்ராப் பண்ணதுக்குக் கோச்சுக்கினாளான்னு நெனச்சேன். மூணு வருஷத்துல எவ்ளோ திட்டியிருக்கேன், ஒரு நாள் போனதில்ல. ஃபோன் போட்டேன், எடுக்கல.

பத்து நிமிஷத்துல தனசேகரன் வந்தான். கையெல்லாம் கிரீஸு. அழுதிருக்கான்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது.

"அக்கா, கிளிமூக்கு யாருன்னு தெரியுமா?"

"யாருடா?"

"நீ மூணு மார்க்கு போட்டவ."

எனக்கு மெஷின் ஓடற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அவன் மீதியச் சொன்னான். ரெண்டு வருஷமா பேசிக்கினு இருக்காங்க. லவ்வுன்னு தெரிஞ்சா ரெண்டு வூட்லயும் கலாட்டா ஆவும், முறையா பொண்ணு பாத்த மாதிரியே இருக்கட்டும்னு இவனே சொந்தக்காரரு காதுல போட்டிருக்கான். "நீ வாயத் தெறந்தா எங்க அக்கா குரலக் கண்டுபுடிச்சுடும், அதுக்கப்புறம் ஊரே கண்டுபுடிச்சுடும், பூ வெக்கற வரைக்கும் பேசாத"ன்னு சொல்லிவெச்சதும் இவன்தான்.

"ஏண்டா, பூ வெக்காம வந்தப்பவாவது என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"உன் வாயில நிக்குமாக்கா?"

நிக்காது. அதுதான் எனக்கு ஜாஸ்தி வலிச்சுது.

"அப்பா அவங்கப்பாகிட்ட சொல்லிட்டாருன்னா அவ்ளோதான்க்கா. ஒரு தடவை வேணாம்னு சொன்ன வூட்டுக்கு அவரு திரும்பப் பொண்ணு குடுக்க மாட்டாரு"ன்னான். அப்பா போராட்டத்துக்குப் போனா ஃபோனை வூட்லயே வெச்சுட்டுப் போற ஆளு, கூட்டத்துல தொலைஞ்சுடுமாம். கடை ஷட்டரை எறக்கிட்டு அவன் வண்டியில ஏறினேன்.

கள்ளக்குறிச்சி போய்ச் சேந்தா கலெக்டர் ஆபீஸ் ரோடு காலி. எல்லாரையும் கைது பண்ணி வழக்கம்போல கல்யாண மண்டபத்துல வெச்சிருக்காங்க, சாயங்காலம் வுட்டுடுவாங்கன்னாங்க. மண்டபத்து வாசல்ல லேடி போலீஸ் நிறுத்துச்சு. "எங்கப்பா உள்ள இருக்காரும்மா, ஒரு கல்யாணம் நிக்கப் போவுது"ன்னேன். என் மூஞ்சியப் பாத்துட்டு, "அஞ்சு நிமிஷம்"னு வுட்டுச்சு. தனசேகரன், மாமனாரா வரப்போறவரு மூஞ்சியில முழிக்க பயந்துக்கினு ரோட்லயே நின்னுட்டான்.

உள்ள நானூறு பேரு. தக்காளி சாதம் முடிஞ்சு, பாதிப்பேரு துண்டை விரிச்சுப் படுத்திருந்தாங்க. மேடைக்குக் கீழ எங்கப்பா காசிநாதன். பக்கத்துல ஒரு நாற்காலி இடைவெளி வுட்டு பாவாடை மாமா. அந்த இடைவெளியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, அப்பா சொல்லிட்டாரு.

"வா தாயி"ன்னு பாவாடை மாமாதான் பேசினாரு. குரல்ல மரியாத இருந்துச்சு, சிரிப்பு இல்ல. "என் பொண்ணு கலகலப்பா இல்லன்னீங்களாம். பரவால்ல. ஆனா அவ தூக்கத்துல கூட வாய மூடி நான் பாத்ததில்ல. இன்னாத்துக்கு அப்டி சொன்னீங்கன்னுதான் எனக்கு வெளங்கல."

நானூறு ஆம்பளைங்க நடுவுல எனக்கு வெக்கம் ஒண்ணும் வரல, துக்கந்தான் வந்துச்சு. "தப்பு என்னுது மாமா. அரை மணி நேரம் பாத்துட்டு உங்க பொண்ண வேணாம்னு சொன்னவ நான்தான். எனக்கு அவளை மூணு வருஷமா தெரியும், அவதான்னு தெரியாம சொல்லிட்டேன். எப்டித் தெரியும்னு அவகிட்டயே கேளுங்க. உங்க பொண்ணை எங்க வூட்டுக்குக் குடுங்க மாமா. தம்பிக்காக மட்டும் கேக்கல, எனக்காகவும் கேக்கறேன்."

அப்பா வாயத் தெறந்துக்கினு பாத்தாரு. பக்கத்துல படுத்திருந்தவரு எழுந்து குந்திக்கினாரு. பாவாடை மாமா துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கினாரு.

"வேணாம்னதும் நீங்க, வேணும்னதும் நீங்க. நடுவுல நாங்க இன்னா சந்தையில நிக்கற மாடா?"ன்னாரு.

"திட்டுங்க மாமா."

"நான் திட்டி இன்னா ஆவப்போவுது. காலையிலேருந்து அவ வூட்ல அழுதுக்கினு கெடக்கான்னு அவங்கம்மா சொல்லுச்சு. அவகிட்டயே பேசும்மா. அவ சரின்னா எனக்குச் சரி. அவ வேணாம்னா நீ கால்ல வுழுந்தாலும் வேணாம்தான்." மடியிலேருந்து ஃபோனை எடுத்து நம்பரைப் போட்டு என் கையில குடுத்துட்டாரு.

எடுத்ததும் நான் வாயத் தெறக்கறதுக்குள்ள அவ ஆரம்பிச்சுட்டா.

"அப்பா, நீ ஒண்ணும் பேசாத, நான் சொல்றதக் கேளு. அந்த வூடு வேணாம்ப்பா. மாப்ள மேல ஒரு குத்தமும் இல்ல, அவங்க எல்லாரும் நல்லவங்கதான். எனக்கு அந்த அக்காவை அவ்ளோ புடிக்கும்ப்பா. மூணு வருஷமா அவங்க குரலக் கேட்டுக்கினுதான் பாத்திரம் கழுவறேன், துணி தொவைக்கறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டறேன். அவங்க வூட்டுக்கே போயி பக்கத்துல குந்திக்கினு சண்டை போடலாம்னு இருந்தேன். அவங்க பக்கத்துல வந்து ஒக்காந்தப்ப எனக்குப் பேசாம இருக்க எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? வாய்ல முந்தானைய வெச்சுக் கடிச்சுக்கினு இருந்தேன். அவங்க ஊரு சிரிக்க எழுதிட்டாங்க. அவங்களுக்கே என்னைப் புடிக்கலன்னா நான் அங்க யாருக்காகப் போறது?"

அதுக்கு மேல பேச முடியாம அழுதா. 

"மணிமொழி"ன்னேன். "அப்பா இல்லம்மா. நான்தான், அம்சா."

அழுகை டக்குனு நின்னுச்சு.

"பேசுடி."

"நான் இன்னாக்கா பேசறது."

"திட்டு. எவ்ளோ வேணா திட்டு. நான் ஃபோனை வெக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினா. அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க. மொத நாள்லேருந்து நான் குடுத்த தீர்ப்பு ஒவ்வொண்ணையும் எடுத்துவெச்சுக் கிழிச்சா. எனக்குப் பொறுமை இல்ல, கண்ணு இல்ல, காது மட்டும் இருக்கு, அதுலயும் பாதி அடைச்சிருக்குன்னா. நான் எல்லாத்துக்கும் "ஆமா, ஆமா"ன்னேன். நடுவுல ஒரு தடவை, "அவரு சாப்ட்டாரா?"ன்னு கேட்டா. ரோட்ல நிக்கறான்னேன். இந்த வெயில்ல அவரை ரோட்லயா நிக்க வெச்சிருக்கீங்கன்னு அதுக்குத் தனியா ஆரம்பிச்சா.

பாவாடை மாமா என் மூஞ்சியப் பாத்துட்டு, நடுவுல இருந்த நாற்காலியில தள்ளி ஒக்காந்து எங்கப்பாகிட்ட வெத்தலப் பைய நீட்டினாரு. லேடி போலீஸ் வந்து நின்னுச்சு. நான் தண்ணியா ஒழுகற கண்ணத் தொடச்சுக்கினு, கையால, இன்னும் கொஞ்ச நேரம்னு சைகை காட்டினேன்.

அஞ்சு மணிக்கு எல்லாரையும் வுட்டுட்டாங்க. பாவாடை மாமா வாசல்ல வந்து, "ஃபோனைக் குடும்மா, மணலூர்பேட்டை பஸ் நிக்குது"ன்னாரு.

"அடுத்த பஸ்ல போங்க மாமா"ன்னேன். "உங்க பொண்ணு இன்னும் முடிக்கல."