பாலம்மா வெட்டிய வாய்க்கால்

இலுப்பைக்கடவைக்குக் கீழே, கடலோரச் சதுப்பில் வருடா வருடம் கண்டல் மரக்கன்று நடுவார்கள். வருடா வருடம் அது சாகும். இதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தை பிறக்கும் முன் தொண்டு நிறுவனத்து வாகனம் வரும். பனர் கட்டுவார்கள். வந்த பெரியவர்கள் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஆளுக்கொரு கன்று நட்டுப் படம் எடுப்பார்கள், பற்றிஸும் சோடாவும் முடித்துவிட்டுப் போவார்கள். மிச்சத்தையெல்லாம் நடுவது பாலம்மாவும் ஊர்ப் பெண்களும். கோடையில் கன்றுகள் கருகிக் குச்சியாகும். அடுத்த வருடம் அந்தக் குச்சிக்குப் பக்கத்திலேயே புதுக் கன்று.

பாலம்மா அந்த வேலையை நம்பித்தான் இருந்தாள். கணவன் மாரிமுத்து உழவு மெசினிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட நாளிலிருந்து கட்டிலோடு. மத்தியானம் அவனைத் தூக்கி இருத்திச் சோறு கொடுக்க வேறு ஆளில்லை. பை நிரப்பி நாற்று வளர்ப்பதிலிருந்து நடுகை வரை சதுப்பில் வேலை இருந்தால், இடையில் ஓடிவந்து கொடுத்துவிட்டு ஓடலாம். அது இல்லையென்றால் நானாட்டான் பக்கம் களை பிடுங்கப் போகவேண்டும். விடிய முதல் பஸ்ஸில் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வீடு.

இந்தப் பிழைப்பில் மண் போட வந்தவள்தான் வேணுஜா என்ற இஞ்சினியர் பிள்ளை. நிறுவனம் புதிதாக எடுத்த ஆள். வந்த கிழமையே சேற்றில் அளவுகோலை நட்டுவைத்து, தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்துக்கொண்டு வெயிலில் காய்ந்தாள். பிறகு பெண்களைக் கூப்பிட்டு இருத்தி விசயத்தைச் சொன்னாள்.

"றோட்டுப் போடேக்க ஓடையை மறிச்சுப்போட்டினம், அக்கா. அமாவாசை, பௌர்ணமிப் பெரிய தண்ணிக்குக் கடல் உள்ளுக்கு வருது, திரும்பிப் போக வழியில்லை. நிண்டு காயுது, உப்பு மட்டும் மிஞ்சுது. அதிலை எதை நட்டாலும் சாகும். றோட்டுக்குக் கீழை குழாய் வைச்சு, உள்ளுக்கு வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணி வந்து போகும். விதை தானாய் வந்து முளைக்கும். நடத் தேவையில்லை."

"நடத் தேவையில்லையோ?" என்றாள் பாலம்மாவின் பக்கத்து வீட்டுச் சிவராணி.

"இல்லை, அக்கா. இந்த மாரியிலை முளைச்சால் நடுகையை நிப்பாட்டுவினம். முளைக்காட்டிப் பழையபடி நடுவம்."

ஒளிக்காமல் சொன்னாள், அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் வயிறு எரிகிறவளுக்கு அது போதுமா?

குழாய் வைக்க வந்த, மண் தோண்டும் பெக்கோ மெசின் குழாயை வைத்துவிட்டு, வாய்க்கால் வெட்டச் சதுப்பில் இறங்கியதும் வயிறுவரை புதைந்தது. அதை இழுத்தெடுக்க ஊரிலுள்ள உழவு மெசின் எல்லாம் வந்தது. கடைசியில் மண்வெட்டி பெண்களின் கைக்கே வந்தது. தங்கள் வேலைக்குத் தாங்களே குழி தோண்டும் அதிசயம் வேறெங்கும் நடந்திராது. வேணுஜாவும் கூடவே சேற்றில் நின்று மட்டம் பார்த்தாள். குழாயிலிருந்து தொடங்கும் வாய்ப்பகுதி பாலம்மாவின் பங்கு. சேறு சரியச் சரிய வாரி, கரையைச் சரித்து அறைந்து, ஒரு வளைவும் விட்டு வெட்டினாள். தண்ணீர் முதலில் ஓடியபோது, "பாலம்மாக்காவின்ர துண்டுதான் திறம்" என்று வேணுஜா எல்லோர் முன்னாலும் சொன்னாள். பாலம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் தன்மீதே எரிச்சலும் வந்தது.

மாரி தொடங்கியது. கரையில் எஞ்சி நின்ற கண்டல்களிலிருந்து அவரைக்கொட்டை போன்ற விதைகள் விழுந்து மிதந்தன. இன்னும் கொஞ்ச நாளில் சதுப்பெங்கும் பரவி ஊன்றிவிடும். ஊன்றினால் நானாட்டான் பஸ்தான். ஒரு மத்தியானம் மாரிமுத்துவுக்குச் சோறு கொடுத்துவிட்டு, பாலம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். குழாய் வாயில் நாலு வெட்டுச் சேறு போதும். மழையில் கரை இடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள்.

போய்ப் பார்த்தால் வாய் ஏற்கெனவே மூடிக் கிடந்தது. இடிந்த சேறில்லை, வெட்டிப் போட்டு, காலால் மிதித்து இறுக்கிய சேறு. அவள் அறைந்துவைத்த கரையைக் கொத்தி எடுத்துத்தான் மூடியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. விதைகள் வெளியே ஒரு மூலையில் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு கிடந்தன.

பாலம்மாவுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ!

"என்ர வாய்க்கால்லை கை வைச்சது எவள்?" என்று வெறும் சதுப்பைப் பார்த்துக் கத்தினாள். தான் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. சேற்றை வெட்டி எறிந்தாள். கொத்திய கரையைத் திருப்பி அறைந்து பழைய வளைவுக்குக் கொண்டுவந்தாள். நாறிய தண்ணீர் இழுத்துக்கொண்டு வெளியே போனது. தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து, விதைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்க்குள் புகுந்து உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. அப்படியே கரையில் குந்தியிருந்து அழுதாள்.

தைக்கு முன் வேணுஜா வீட்டுக்கே வந்தாள். "முளைச்சிட்டுது, அக்கா. இந்த முறை நடுகை இல்லை."

"தெரியும், மிஸ்."

"என்னிலை கோவமோ?"

"ஓம்," என்றாள் பாலம்மா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

பொங்கல் முடிந்த கையோடு நானாட்டான் பஸ்ஸில் பாலம்மாவுக்குப் பக்கத்தில் சிவராணி இருந்தாள். விடிந்துகொண்டிருந்தது. பஸ் சதுப்பைத் தாண்டும்போது, வாய்க்காலின் இரு கரையிலும் இரண்டிரண்டு இலையோடு கன்றுகள் நெருக்கமாக நிற்பது தெரிந்தது.

சிவராணி யன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "நீதானே திறந்தனி?"

"நீதானே மூடினனி?"

சிவராணி மடியிலிருந்த பணிஸைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். பாலம்மா வாங்கிக்கொண்டாள்.

"அந்த வளைவிலை பார்," என்றாள் பாலம்மா. "அதிலைதான் கூட முளைச்சிருக்கு. அது நான் வெட்டினது."

சொல்லிவிட்டுப் பணிஸை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். மாரிமுத்துவின் சோற்றுக் கோப்பையை அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் வைத்தோமா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.